உழாது விளைந்த மலையும் முற்றுகையிடப்பட்ட மலையும்: மலையக மக்களின் உணவு வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1. பிரச்சினையின் இயல்பு

மனிதன் எதனை உண்டு வாழ்தல் தகும் என்னும் வினாவுக்கு அண்மைக் காலத்தில் ஒரு விடை பெரிதும் பரப்பப்பட்டு வருகின்றது. உழவு தோன்றுவதற்கு முன்னர், வேட்டையாடியும் காய் கனி கிழங்குகளைச் சேகரித்தும் வாழ்ந்த ஆதி மனிதரின் உணவே மனித உடலுக்கு இயைந்தது என்பதே அவ்விடை. 1985இல் போய்ட் ஈட்டன், மெல்வின் கொன்னர் என்னும் இரு அமெரிக்க அறிஞர் மருத்துவ ஆய்விதழொன்றில் எழுதிய கட்டுரை இக்கருத்துக்கு அறிவியல் மதிப்பைத் தேடித் தந்தது. பல இலட்சம் ஆண்டுகளாக வேட்டையுணவுக்குப் பழகிய உடலுக்கு, பத்தாயிரம் ஆண்டுகளே ஆன தானியமும், நூறு ஆண்டுகளே ஆன ஆலை உணவும் ஒவ்வாதன. நீரிழிவு, இதய நோய், உடற்பருமன் ஆகியன அவ்வொவ்வாமையின் விளைவுகள் என்பது இவ்வாதத்தின் சாரம். பின்னர் இது 'பேலியோ' என்ற பெயரில் நூல்களாகவும் உணவுப் பட்டியல்களாகவும் சந்தைக்கு வந்தது. தமிழ் நாட்டிலும் இதற்கு இன்று பற்றாளர் உளர்.

இவ்வாதத்தை முற்றாக ஏற்பதோ எள்ளி நகையாடுவதோ ஆய்வாளனுக்கு அழகன்று. பசியும் வரலாற்றுத்தன்மை உடையது என்பது மார்க்ஸ் தமது 'குருண்ட்ரிச' குறிப்புகளில் வற்புறுத்திய கருத்து. ஆதலின், பழைய உணவு நல்லதா, புதிய உணவு நல்லதா என்று பொதுப்படக் கேட்பதை விடுத்து, குறிப்பிட்டதொரு நிலப்பரப்பில், குறிப்பிட்ட மக்கள், எந்தச் சமூக உறவுகளுக்குட்பட்டு எதனை உண்டனர் என்று நோக்குவதே பயன் தரும். இலங்கையின் மத்திய மலைநாடு இதற்கு மிகப் பொருத்தமான களமாகும். இன்று ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியா, பண்டாரவளை எனத் தேயிலை படர்ந்து கிடக்கும் இப்பிரதேசத்திலும் அதன் அடிவாரக் காடுகளிலும் ஆதி வேட்டுவர் வாழ்ந்துள்ளனர். அதே மலைகளில், கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, தான் உண்ணும் ஒரு பிடி தானியத்தையும் தானே விளைக்க இயலாத தொழிலாளர் சமூகமொன்று வாழ்ந்து வருகின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆதி மலைமக்களின் உணவு

இலங்கையின் கற்கால ஆராய்ச்சிக்கும் தோட்டங்களுக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாததொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஸ்கெலியாப் பகுதியில் தோட்டத் துரையாக இருந்த ஜோன் போல் என்பவர் அங்கு கிடைத்த படிகக்கற் கருவிகளைச் சேகரித்தார். 1913இல் அவை பற்றி நூலொன்றும் வெளியிட்டார். கருவிகளைச் சேர்த்தவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அவை புதைந்து கிடந்த மண்ணைக் காடு வெட்டித் திருத்திக் கிளறிய மண்வெட்டி எவருடையது என்பதை ஊகிப்பது கடினமன்று.

பண்டாரவளையிலும் இத்தகைய நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. கொழும்பு–ஹற்றன் வீதியில் உள்ள கித்துல்கலையின் பெலிலென, குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென, புளத்சிங்களப் பகுதியிலுள்ள பாகியன்லென ஆகிய குகைகளில் சிரான் தெரணியகலவும் அவர் வழிவந்த ஆய்வாளரும் நிகழ்த்திய அகழ்வுகள் அம்மக்களின் உணவைத் தெளிவாகக் காட்டுகின்றன. குரங்கு, மந்தி, மலை அணில் ஆகியவற்றின் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. நத்தையோடுகள், சிங்களத்தில் கெக்குன எனப்படும் மரத்தின் கொட்டைகள், காட்டு ஈரப்பலா, காட்டு வாழை ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்தன. பாகியன்லெனவில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே மரவாழ் விலங்குகளை வேட்டையாடும் நுட்பம் வளர்ந்திருந்தமையை 2019இல் வெளியான ஆய்வு நிறுவியது. பல்லின் மிளிரியை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இம்மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர் என்று காட்டியது. பலாங்கொடை மனிதன் எனப்படும் இவர்களுள் ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 174 சென்றிமீற்றர் என மதிப்பிடப்பட்டுள்ளது. கிடைத்த எலும்புகள் சிலவே என்பதை மறத்தலாகாது. எனினும் அவை குன்றிய உடல்களின் எலும்புகள் அல்ல.

இச்சான்றுகள் முதலில் உணர்த்துவது, 'ஆதி மனிதரின் உணவு' என ஒரே உணவு இருந்ததில்லை என்பதாகும். இங்கே குரங்கிறைச்சியும் கொட்டையும் நத்தையும். துருவப் பகுதியில் கடல் விலங்கின் கொழுப்பு. கலகாரியில் மொங்கொங்கோக் கொட்டை. இஸ்ரவேலிலுள்ள கலிலேயக் கடலோரத்து ஓகாலோ என்னுமிடத்தில், 23,000 ஆண்டுகளுக்கு முன்னர், உழவு தோன்றுவதற்கு மிக முன்னரே, மக்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்து அரைத்துண்டனர். தானியம் உழவோடு வந்த தீங்கு என்பார் கூற்றுக்கு இது முரணானது. எந்நிலத்திற் சென்றாலும் அங்கு கிடைப்பதை உணவாக்கிக் கொள்ளும் ஆற்றலே மனிதனின் தனித்தன்மை. உழைப்பு மனிதனை உருவாக்கிய விதத்தை 1876இல் ஆராய்ந்த ஏங்கல்ஸ், உணவின் வகைகள் பெருகியதை அவ்வளர்ச்சியின் ஓர் அங்கமாகவே கண்டார்.

இரண்டாவதாக, அவ்வாழ்வைப் பொற்காலமாக்கவும் இயலாது. மார்ஷல் சாலின்ஸ், வேட்டுவச் சமூகமே ஆதி வளச் சமூகம் என்று வாதிட்டார். உணவு தேட அவர்கள் செலவிட்ட நேரம் குறைவு என்று றிச்சார்ட் லீ கலகாரியிற் கண்ட தரவுகள் அவருக்கு ஆதாரமாயின. உணவை ஆக்கும் நேரத்தையும் சேர்த்தால் அந்நேரம் அத்துணைக் குறைவன்று என்று பின்வந்தோர் திருத்தினர். வேட்டுவ மக்களிடையே 15 வயதை அடையுமுன் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வர் இறந்தனர் என்பதைக் கேவன், கப்லான் ஆகியோர் 2007இல் தொகுத்த கணக்குகள் காட்டுகின்றன. அவ்வயதைக் கடந்தோர் எழுபதை எட்டுதல் அரிதன்று என்பதும் அதே கணக்குகளால் தெரியவரும். மறுபுறம், உழவுக்கு மாறிய பல சமூகங்களில் உயரம் குறைந்ததையும், பற்சொத்தையும் தொற்றுநோயும் பெருகியதையும் 1984இல் கோகனும் ஆமலாகோசும் தொகுத்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஆகவே ஆதியுணவின் சிறப்பு அதன் பழமையில் இல்லை. பல்வகைமையிலும், நாரும் ஊட்டமும் நீக்கப்படாத நிலையிலும், உண்போருக்கும் உணவுக்கும் இடையே வேறெவரும் நில்லாமையிலும் இருந்தது. இறுதியாகக் கூறியதே நமது ஆய்வுக்கு முக்கியமானது. அதனை விளங்கிக்கொள்ளப் பழந்தமிழ்ப் பாடலொன்று துணைபுரியும்.

3. பறம்பு மலையின் பாடம்

திணைக் கோட்பாடு, தமிழகத்தின் சமனற்ற சமூகப் பொருளாதார வளர்ச்சியின் இலக்கியப் பதிவு என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். அந்நோக்கில் திணைகள் உணவு பெறும் முறைகளுமாகும். குறிஞ்சியில் வேட்டையும் தேனெடுத்தலும் தினைப்புனமும், முல்லையில் ஆநிரையும் மோரும், மருதத்தில் நெல், நெய்தலில் மீனும் உப்பும். இவை தனித்தனித் தீவுகளாக இருக்கவில்லை. வேட்டுவன் கொணர்ந்த மான் தசைக்கும் ஆய்மகள் கொணர்ந்த தயிருக்கும் ஈடாக உழவர் மனைப் பெண்டிர் நெல் அளந்து கொடுக்கும் காட்சியைப் புறநானூற்று 33ஆம் பாடலில் காண்கிறோம்.

நமக்கு வேண்டுவது 109ஆம் பாடல். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டிருந்த வேளையில் கபிலர் பாடியது. அம்மலையை முற்றுகையால் வெல்ல இயலாது என்பதற்குப் புலவர் காட்டும் காரணம் அரணன்று, படையன்று; உணவு. உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு பொருள்களை அவர் எண்ணிக் காட்டுகின்றார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வீரயுகப் புலவனின் உயர்வு நவிற்சி இதில் உண்டு. இப்பாடலை ஊட்டச்சத்துப் பட்டியலாகக் கொள்வது பேதைமை. ஆயின் இதில் அடங்கியுள்ள அரசியல் உண்மை ஆழமானது. தன் உணவைத் தன் எல்லைக்குள்ளேயே பெறும் மக்களைப் பட்டினியாற் பணியவைக்க இயலாது. உழவும் நெல்லும் வரியும் படையும் கொண்டு வளர்ந்துவந்த அரசுகளுக்கு இத்தகைய மலை ஒரு தடையாக இருந்ததில் வியப்பில்லை. பாரி வீழ்ந்தான், அவ்வீழ்ச்சி ஒரு தலைவனின் வீழ்ச்சி மட்டுமன்று.

உணவின் நன்மை தீமையை எடைபோடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியை இப்பாடல் தருகின்றது: அம்மலையை முற்றுகையிட இயலுமா? இக்கேள்வியுடன் பறம்பிலிருந்து நமது மலைநாட்டுக்குத் திரும்புவோம்.

4. காடு மறைந்தது, அரிசி வந்தது

பிரித்தானியர் மலைநாட்டைத் தோட்டமாக்கியதன் சட்ட அடித்தளம் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம். உரித்தை ஆவணத்தால் நிறுவ இயலாத காடும் தரிசும் அவ்வப்போது பயிரிடப்படும் சேனை நிலமும் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. கண்டிச் சிங்களக் குடியானவர் வயலோடு சேர்த்துப் பயன்படுத்திவந்த காடு, அவர்களது குரக்கனுக்கும் விறகுக்கும் மாட்டுக்கும் மருந்துக்கும் இடமாயிருந்த காடு, கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இரு தசாப்தங்களுக்குள் மலைகள் தேயிலைமயமாயின. உண்ணக்கூடிய நூற்றுக்கணக்கான தாவரங்கள் வளர்ந்த நிலத்தில் உண்ண இயலாத ஒரே செடி நின்றது.

அச்செடியைப் பேண வந்தோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளின் நிலமற்ற உழைப்பாளர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தோர் வாந்திபேதியாலும் பசியாலும் வழிநெடுக மாண்டனர். 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது இப்பெயர்ச்சி மேலும் பெருகியது.

இம்மக்கள் ஊரில் உண்டது நெற்சோறன்று. கேழ்வரகுக் கூழ், கம்பு, வரகு, சாமை ஆகியனவே அவர்களது அன்றாட உணவு. நெற்சோறு பண்டிகைக்கும் பண்ணையார் வீட்டு விசேடத்துக்கும் உரியது. தோட்டத்தில் நாள்தோறும் அரிசி கிடைக்கும் என்பது ஏழைக் குடும்பத்தின் கண்ணுக்கு உயர்வாகவே தோன்றியிருக்கும். ஆயின் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. சமூக மதிப்பில் மேலேறியது ஊட்டத்தில் கீழிறங்கியது. இவ்விரு அளவைகளும் எதிர்த்திசையிற் செல்வது வர்க்க சமுதாயத்து உணவு வரலாற்றில் அடிக்கடி காணப்படும் நிகழ்வு.

இவ்விடத்தில் பதப்படுத்தல் பற்றி ஒரு விளக்கம் தேவை. தோட்டத் தமிழர் விரும்பியுண்டது புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது உமியை ஒட்டிய உயிர்ச்சத்து அரிசியினுள்ளே ஊறிவிடுகின்றது. மலாயாவிற் பணியாற்றிய மருத்துவர் பிரட்டன், ஆலையில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிகையில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அதனின்றும் பெரிதும் தப்பியிருந்ததைக் கண்டு 1907இல் எழுதினார். புழுக்குதலும் ஒருவகைப் பதப்படுத்தலே. தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையிலும் அடுப்பிலும் வளர்ந்த தொழில்நுட்பம் அது. ஆதலின் பதப்படுத்தல் யாவும் தீது என்ற கூற்று நிலைக்காது. உண்போரின் நலனுக்காகச் செய்யப்படும் பதப்படுத்தலும், நெடுந்தூரக் கப்பற் பயணத்துக்கும் நீண்டநாள் இருப்புக்கும் இலாபத்துக்குமாகச் செய்யப்படும் பதப்படுத்தலும் ஒன்றல்ல.

தோட்டத்தில் அரிசி வெறும் உணவாக இருக்கவில்லை. கூலியின் ஒரு வடிவமாக இருந்தது. தோட்டம் அரிசியை முன்கூட்டிக் கொடுத்துப் பற்றுச்சீட்டில் எழுதிச் சம்பளத்தில் கழித்தது. கங்காணியின் முற்பணமும் துண்டு முறையும் கடையின் கடனும் சேர்ந்து தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தன. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அரிசி வழங்கலையும் கூலியோடு இணைத்து ஒழுங்குபடுத்தியது. உண்மையில் ஒழுங்குபடுத்தப்பட்டது தொழிலாளி உயிரோடு நாளையும் பெரட்டுக்கு வருவதற்கு வேண்டிய குறைந்தபட்சக் கலோரி. பருப்பும் மீனும் காய்கறியும் அவரவர் பாடு. உண்டதிலும் ஒரு பங்கைக் கொக்கிப்புழு குடித்தது. 1916இல் றொக்கபெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் அப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியமைக்கு, சோகை பிடித்த உடல் குறைவாகவே உழைக்கும் என்ற கணக்கும் ஒரு காரணமாகும். மலசலகூடமற்ற லயத்தில் எத்துணை நல்லுணவும் பாதி வீணே என்பது இதன் மறுபக்கம்.

5. ரொட்டியும் தேநீரும்

1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தது. இலங்கையின் அரிசி பெரும்பாலும் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தமையால் பங்கீடு அறிமுகமாயிற்று. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வழங்கப்பட்டது. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. தோட்டத்து மக்களின் மூதாதையர் ஊரிலும் அது ஏழையின் உணவன்று. போர் முடிந்தது, மா நிலைத்தது. பின்னர் அமெரிக்கா தன் உபரிக் கோதுமையைச் சலுகை விலையில் ஏழை நாடுகளுக்கு அனுப்பிய திட்டமும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிரீமா மா ஆலையும் இவ்வுணவு மாற்றத்தை நிலைநிறுத்தின. கேழ்வரகிலிருந்து அரிசிக்கும், அரிசியிலிருந்து வெள்ளை மாவுக்கும் எனச் சென்ற இப்பாதையின் ஒவ்வொரு படியிலும் தானியத்தின் உமியும் முளையும் நீங்கின. ஒவ்வொரு படியிலும் அது விளைந்த நிலம் உண்போரிடமிருந்து மேலும் தொலைவாயிற்று.

ரொட்டியை மலையக மக்களின் 'உணவுப் பழக்கம்' என்று எழுதுவோர் அதன் காலக் கணக்கை நோக்குவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன் எழுந்து, நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, காலை உணவோடு மதிய உணவையும் ஆயத்தம் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு நேரந்தவறாது செல்ல வேண்டும். சோறும் இரு கறியும் ஆக்கும் நேரம் அவளுக்கில்லை. மாவைப் பிசைந்து தட்டிச் சுட்டால் ரொட்டி விரைவில் ஆகும், சீலையில் முடிந்து மலைக்குக் கொண்டுபோகலாம், கெடாது, சம்பலோ சீனியோ போதும், வயிறு நெடுநேரம் தாங்கும். பெண்ணின் நேரத்தைத் தோட்டம் எடுத்துக்கொண்டதன் விளைவாக ரொட்டி அன்றாட உணவாயிற்று. இதனைப் பழக்கம் என்பதினும், உழைப்பு நேரம் உணவின்மீது பதித்த முத்திரை என்பதே பொருந்தும்.

ரொட்டியுடன் தேநீர். பிரித்தானியத் தொழிலாளரின் உணவில் சீனி புகுந்த வரலாற்றைச் சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இனிப்பிட்ட சூடான தேநீரும் வெள்ளைப் பாணும், சமைக்க நேரமற்ற ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மலிவான கலோரியாயின என்று அவர் காட்டினார். தேயிலைச் சங்கிலியின் ஒரு முனையில் மான்செஸ்டர் தொழிலாளி. மறுமுனையில் ஹற்றன் தொழிலாளி. ஒருவர் மற்றவரைக் கண்டதில்லை. இருவர் கையிலும் இருந்தவை வெள்ளை மாவும் சீனியும் தேநீருமே. மூலதனம் இரு கண்டங்களில் ஒரே உணவைப் படைத்தது. உணவோடு தேநீர் அருந்துவது தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை. இறைச்சி அரிதாகவே கிடைக்கும் பெண்ணுக்கு இதன் விளைவு சோகை. அவள் பிள்ளைக்குக் குறைந்த பிறப்பு நிறை.

இன்று இவ்வடித்தளத்தின்மேல் பைகளில் அடைத்த பொரியல்களும் இனிப்புப் பானங்களும் விசுக்கோத்துகளும் லயத்துக் கடைகளில் வந்து குவிந்துள்ளன. இத்தகைய மிகைப்பதப்படுத்திய உணவின் தீமை ஐயத்துக்கிடமின்றிப் புலனாகி வருகின்றது. கெவின் ஹோலும் சகாக்களும் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வு நிலையத்தில் தங்கவைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட பரிசோதனையில், அவ்வுணவு வழங்கப்பட்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரு வாரங்களில் உடல்நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடியது. வழங்கப்பட்ட இருவகை உணவிலும் சீனி, கொழுப்பு, நார் ஆகியவற்றின் அளவு சமமாகவே வைக்கப்பட்டிருந்தது. பேலியோ வாதத்தில் நிலைக்கத்தக்க பகுதி இதுவே: ஆலையுணவு உடலின் போதுமென்ற உணர்வையே குலைக்கின்றது.

6. முற்றுகை: 1973–75

இப்பொழுது கபிலரின் கேள்விக்கு வருவோம். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, அரிசி, சீனி ஆகியவற்றின் விலைகள் பாய்ந்தேறின. அரசு பங்கீட்டைக் குறைத்தது. தனியார் அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதைத் தடுக்க வீதிகளிற் சோதனைத் தடைகள் எழுந்தன. கிராமத்து ஏழைக்கு மரவள்ளியும் பலாவும் தென்னையும் ஓரளவு கைகொடுத்தன. தோட்டத் தொழிலாளிக்கு அவையும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமையும், அதன் பின்விளைவாக வாக்குரிமையும் இழந்திருந்த அம்மக்களின் பசிக்கு நாடாளுமன்றத்திற் குரல் கொடுப்போரும் அரிதாயினர். தோட்டங்களில் வேலைநாட்கள் குறைந்தன. தோட்டப்பகுதி இறப்பு வீதம் 1974இல் தேசிய வீதத்தை விஞ்சிக் கூர்மையாக உயர்ந்தது. ஹற்றன், கண்டி நகர வீதிகளில் தோட்டத்து முதியோரும் பிள்ளைகளும் பிச்சைக்கு நின்றனர். பறம்பை முற்றுகையிட மூன்று வேந்தரின் படை வேண்டியிருந்தது. தேயிலை மலையை முற்றுகையிடச் சந்தை விலைப்பட்டியல் ஒன்றே போதுமாயிருந்தது.

இதே ஆண்டுகளில், 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. முற்போக்கான இந்நடவடிக்கையில் நிலத்தில் உழைத்தோர்க்கு நிலத்தில் பங்கு கிடைக்கவில்லை. சில தோட்டங்களிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டனர். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார். அப்போராட்டம் வேலைக்கும் இருப்பிடத்துக்கும் மட்டுமன்றி, உணவு விளையும் மண்ணோடு எஞ்சியிருந்த கடைசித் தொடர்புக்காகவும் நடந்ததென்றே கொள்ளல் வேண்டும்.

ஆதி வேட்டுவ வாழ்வின் எச்சமாகக் கொள்ளப்படும் வேடருக்கும் இதனையொத்த கதி நேர்ந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடரின் வேட்டைக் காடு சட்டவிரோதப் பிரதேசமாயிற்று. நகரத்து வசதி படைத்தோர் ஆதி வேட்டுவ உணவை விலைகொடுத்து வாங்கத் தலைப்பட்ட காலமும், உண்மையான வேட்டுவரின் காடு பறிக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே.

7. இன்றைய நிலையும் விடையும்

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தோட்டத்துறையில் இது ஏறத்தாழ 32 சதவீதம். பலாங்கொடை மனிதனின் உயரத்தை முன்னர் குறிப்பிட்டோம். அவன் நடமாடிய மலைகளில் இன்று மூன்றிலொரு பிள்ளை குன்றி வளர்கின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்காகியபோது ரொட்டியும் எட்டாக்கனியாயிற்று. அரைநூற்றாண்டுக்குப் பின் அதே முற்றுகை மீண்டது.

இந்நிலைக்கு அறியாமையே காரணம் என்று கருதிச் சத்துணவு விரிவுரை நிகழ்த்துவோர் உளர். ஆயின் மலையகப் பெண்களின் அறிவு அவ்விரிவுரைகளில் இடம்பெறுவதில்லை. தேயிலை நிரைகளுக்கிடையிலும் ஓடைக்கரையிலும் முளைக்கும் வல்லாரை, பொன்னாங்காணி, குப்பைக்கீரை முதலியவற்றை இனங்கண்டு மடியிற் சேர்த்து வீடு திரும்பும் வழக்கம் அவர்களிடம் இன்றும் உண்டு. சேகரித்துண்ணும் ஆதி மரபின் தொடர்ச்சியை அப்பெண்களின் மடியிலேயே காணலாம். தோட்டக் கணக்கில் அவை களை. அடுப்பங்கரைக் கணக்கில் கறி. களைநாசினி அவற்றை அழிக்கின்றது. எஞ்சியவற்றையும் உண்ண அஞ்சவைக்கின்றது. கிளைபோசேற்று 2015இல் தடை செய்யப்பட்டது. தேயிலைக்காக 2018இல் அத்தடை நீக்கப்பட்டது. இவ்விரு முடிவுகளும் எடுக்கப்பட்டபோது கீரை பறிக்கும் பெண்ணின் கருத்தைக் கேட்டவர் யார்?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். ஆதி வேட்டுவரின் உணவு, இன்றைய மிகைப்பதப்படுத்திய உணவினும் உடலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் நன்மைக்குக் காரணம் தானியமின்மையன்று, இறைச்சி மிகுதியுமன்று. கேழ்வரகும் புழுங்கலரிசியும் பருப்பும் கீரையும் கருவாடும் சேர்ந்த எளிய குடியானவ உணவும் அந்நன்மையிற் பெரும்பகுதியைத் தரவல்லது. பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று தனிமனிதனுக்குக் கூறும் அறிவுரை, இறைச்சியும் கொட்டையும் வாங்க வல்லவனுக்கே பயன்படும். 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது போன்ற நாட்கூலியில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அது பொருளற்றது. அவளுக்கு வேண்டியவை வேறு: பருப்பும் முட்டையும் மீனும் வாங்கப் போதிய கூலி, சமைக்கவும் உண்ணவும் நேரம் தரும் வேலைநாள், சுத்தமான நீர், லயத்துக்கப்பால் காய்கறி பயிரிடத் தன் பெயரில் உறுதியுள்ள நிலம். 2015க்குப் பின் வீட்டுத் திட்டங்களிற் பேசப்பட்ட ஏழு பேர்ச் காணி இதன் தொடக்கமாகலாம், முடிவாகாது. வீடு கட்டிய பின் கீரைப்பாத்திக்கு அதில் எஞ்சுவது சிறிதே.

இத்துறையில் ஆய்வாளர் முன்னுள்ள உடனடிப் பணி ஒன்றுண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதேபோன்று மலையக முதிய பெண்களிடமுள்ள உணவறிவும், கீரைகளின் பெயர்களும், பஞ்ச காலத்தில் உண்டவற்றின் நினைவுகளும் தொகுக்கப்படல் வேண்டும். 1974இன் பசியைத் தாயாக அனுபவித்தோருள் உயிரோடிருப்போர் சிலரே. அவர்களது வாய்மொழி பதிவு செய்யப்படாவிடின், ஆதி மனிதனின் பற்களிலிருந்து அவன் உண்டதை அறியும் நாம், நம் காலத்துத் தொழிலாளி உண்ணாது கிடந்ததை அறியாதவராவோம்.